கீழ்த்தட்டு

சாட்ஸ்வர்த், நூலகத்தின் பின்னறை.
மழை நாள். லினோ விறைத்துக் கிடந்தது.
ஆளுக்கொரு துண்டின்மேல் உட்கார்ந்து
உடம்புச் சூட்டில் அதை இளக்கினார்கள் பிள்ளைகள்.

மார்ச் இருபத்தொன்று மனித உரிமை நாள்.
அதற்குள் பதினோரு அச்சு வேண்டும்.
"ஓர் அநியாயத்தைச் செதுக்குங்கள்" என்றேன்.
"கேட்டது வேண்டாம். பார்த்தது."

தேவராணி, பேருந்து நிற்காத நிறுத்தத்தை.
பூபாலன், வெள்ளத்துக்குப் பிறகு
காற்றை மட்டும் கக்கிய குழாயை.
ஒருத்தி கைவிலங்கு வரைந்தாள்;
சினிமாவில் பார்த்ததாம், திருப்பிக் கொடுத்தேன்.

லிண்டோகுஹ்லே காட்டவில்லை.
முழங்கையால் மறைத்தபடியே
மூன்று சனிக்கிழமை.
செதுக்கியது வெள்ளை, விட்டது கறுப்பு
என்பதைத் தவிர
நான் அவனுக்கு எதுவும் சொல்லித்தரவில்லை.

மரக்கரண்டியின் முதுகால் தேய்த்து
தாளை உரித்தான்.

ஒரு சமையலறை.
கொக்கிகளில் ஐந்து கோப்பைகள், பூப்போட்டவை.
கீழே, தொட்டிக்கு அடியில்,
சோப்புக்கும் பினாயிலுக்கும் நடுவே
ஓர் எனாமல் குவளை.
விளிம்பில் பிறைபோலப் பெயர்ந்திருந்தது.

"யார் வீடு?" என்றான் பூபாலன்.
"அம்மா வேலை செய்த எல்லா வீடும்."

என் வீட்டில் பிறை இல்லை, நீலக்கோடு.
இடம் அதேதான்.

வகுப்பில் நான் நிறையப் பேசுகிறவள்.
தனி வாசல், தனி இருக்கை,
அப்பா கால் நனைக்க முடியாத கடற்கரை
எல்லாம் தேதியோடு சொல்வேன்.
தனிக்குவளைக்கு எங்கள் பாஷையிலேயே பெயர் உண்டு,
கரும்புக்கு ஆள் ஏற்றிய கப்பலில்
எந்தப் பதிவேட்டிலும் ஏறாத சாமானாய்
அதுவும் வந்திறங்கியது,
இதைச் சொன்னதில்லை.

"கோடுகள் சுத்தம்" என்றேன்.
வேறென்ன சொன்னேனோ, நினைவில்லை.
ஏழு பிரதி எடுத்தான்.
எண் போட்டு, கையெழுத்திட்டு
ஒன்றை என்னிடம் நீட்டினான்.
மை காயாததால்
இரு கைகளிலும் ஏந்தி வாங்க வேண்டியிருந்தது.

அன்றிரவு நீலக்கோட்டுக் குவளையைத் துலக்கி
மேலே, மற்றவற்றோடு மாட்டினேன்.
பதினாலு வருடம்.
ஒரு நிமிட வேலை.

திங்கட்கிழமை நொம்புசோ வந்தாள்.
தேநீர் கொதித்தது.
குனிந்து, தொட்டிக்கடியில் கைவிட்டுத் துழாவி
நிமிர்ந்தாள்.
"என் கப்பை யார் எடுத்தது?"
அப்படியொரு குரலை நான் கேட்டதில்லை.

மேலே கைகாட்டினேன்.
எக்கிப் பார்த்தாள்.
கொக்கி
என் உயரத்துக்கு அடித்தது.