வலைதின்னிப் பார்

கூடுதாழைக்காரர்களுக்கு அது கப்பலே இல்லை.
வலைதின்னி.
மாதா கோயில் சிலுவையும் தேரியின் சிவந்த முதுகும்
ஒரே கோட்டில் விழும் இடத்தில்
பதினொரு பாகம் கீழே
கேட்பாரற்றுக் கிடந்த பார்.

‘கல்லுல ஏதுவே ஆணி?’
என் மேசைமேல் செம்பாணி ஒன்றை வைத்தார்
இன்னாசி மச்சாது.
கிழிந்த வலைக்கு நட்டஈடு கேட்டு வந்தவர்.
ஆணி, மனுவோடு இணைத்த ஆதாரம்.

தை பிறந்து, நீவாடு சற்று ஓய்ந்த ஒரு காலை
இறங்கினோம்.
கலங்கலில் என் கையே எனக்குத் தெரியவில்லை.
தொட்டுத் தொட்டு எண்ணினேன்.
விலாக்கட்டை நாற்பத்தொன்று.
நங்கூரம் ஒன்று, அதிலும் ஒரு கை ஒடிந்தது.
பீரங்கி இல்லை.
பீங்கான் இல்லை.
காசும் இல்லை என்பதைச்
சென்னைக்கு மூன்று முறை தொலைபேசியில் சொன்னேன்.

சென்னைக்கு ஒரு டச்சுக் கப்பல் வேண்டியிருந்தது.
அமைச்சர் வரும் தேதிகூடக் குறித்தாயிற்று.
ஊருக்கு வேண்டியிருந்தது ஒரு திருட்டு:
‘எவனோ முந்தி வந்து அள்ளிட்டாம்வே.
இல்லன்னா இம்புட்டுக் காலியாவா ஒரு கப்பல் தாழும்?’

காலி இல்லை.
அடிவயிற்றில் பாரக்கல் அரைவண்டிகூடத் தேறாது.
சரக்கு நிரம்பினால்தான்
கல்லை இறக்கிவிட்டுப் போவார்கள்.
அவள் நிறைந்து போனவள்.
எதனால் நிறைந்தாள் என்பதுதான்
மண்ணைச் சலித்தும் வரவில்லை.

பாளையங்கோட்டையில்
செல்லரித்த கட்டு ஒன்றின் ஒன்பதாவது தாளில்
அவளைக் கண்டேன்.
அதுவும் ஒரு மனு.

காயல்பட்டினம் செய்து மீராள், விதவை,
கலெக்டர் துரை சமூகத்துக்கு எழுதிக்கொண்டது:
என் கப்பல் ரகுமத்து, இருபாய் கட்டியது,
குலசேகரன்பட்டினத்தில் ஏற்றிக் கொல்லம் போகையில்
கார்த்திகை வாடையில் காணாமற்போனது.
சரக்கு, கருப்பட்டி ஆயிரத்து நானூறு கொட்டான்.
நங்கூரத்தின் ஒரு கை போன வருஷமே ஒடிந்தது.
மாற்ற வைத்திருந்த பணத்தையும்
கருப்பட்டியில் போட்டேன்.
அது என் பிழை.
வரியையாவது தள்ளித் தர வேண்டும்.

ஓரத்தில் வேறு மையில், வேறு கையில்:
கப்பல் தாழ்ந்ததற்கு ஆதாரம் இல்லை. தள்ளுபடி.

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.
ஒடிந்த அந்தக் கையின் முனையை
மூன்று நாள் முன்புதான் தடவியிருந்தேன்.
பிழை என்று அவள் எழுதிய இடம்
சொரசொரவென்று
சிப்பி பற்றிக் கிடந்தது.

சேதி கேட்டு இன்னாசி சிரித்தார்.
‘ஆயிரத்து நானூறு கொட்டானா!
அன்னைக்கு மீனெல்லாம் கருப்பட்டிக் காப்பி குடிச்சிருக்கும்.’
பிறகு சிரிப்பை நிறுத்தி,
‘எத்தனை பேர் அதுல?’ என்றார்.
மனுவில் அது இல்லை.
கொட்டான் கணக்கு இருந்தது.

அறிக்கையில் பெயர் எழுதினேன். ரகுமத்து.
அமைச்சர் வரவில்லை.
ஆனிக் கடைசியில் இன்னாசிக்குப் பதில் வந்தது,
என் அறிக்கையை மேற்கோள் காட்டி:
சேதம் விளைவித்தது பாறை அன்று,
தனியார் கப்பல் என
இத்துறையால் உறுதிசெய்யப்பட்டுள்ளது.
எனவே நட்டஈட்டை
அதன் உரிமையாளரிடமே கோரவும்.

இரண்டு முறை வாசித்துக் காட்டச் சொன்னார்.
நான் தலை நிமிரவில்லை.

‘காயலுக்கு எந்த பஸ்ஸு?’ என்றார்.
கொஞ்சம் கழித்து,
‘பாவம், அவளுக்கும் ஒண்ணும் குடுக்கலியே.’

ஆணியைக் கேட்டார்.
அது இப்போது அரசின் தொல்பொருள்,
எண் இட்டு, பஞ்சில் வைத்துப் பூட்டியது.
தர முடியாது என்றேன்.

போகும்போது வாசலில் நின்று சொன்னார்:
அங்க இன்னும் கெடக்கும்வே, என் வலை பாதி.
அதுக்கும் ஒரு நம்பர் போட்டுருங்க.