பொருள்

ஜமாலியா பஸ் நிறுத்தத்துக்கு எதிரே என் கடை.
ஜெராக்ஸ் இரண்டு ரூபாய், லேமினேஷன் இருபது,
மெயில் ஐடி ஓப்பன் செய்ய முப்பது.
கோமளவல்லி முப்பதையும் சில்லறையாக எண்ணி
கீபோர்டு பக்கத்தில் முதலிலேயே வைத்துவிட்டாள்.

"உங்க பேர்லயே போடலாம்க்கா" என்றேன்.
சிவப்பு எழுத்தில் வந்தது:
இந்தப் பெயரை ஏற்கெனவே ஒருவர் எடுத்துக்கொண்டார்.
"யாரது?"
எந்த ஊர்க் கோமளவல்லியோ.
பின்னால் ஓர் எண் சேர்க்கலாம், பிறந்த வருஷம் மாதிரி.
"அது பள்ளிக்கூடத்துல அவங்களா போட்டது.
இருபத்தொன்பது சி போடு."
பதினோரு வருஷம் அவள் வேலைக்குத் தொற்றிப்போன பஸ்.
அந்தப் பெயரில் உலகத்தில் வேறு ஒருத்தி இல்லை,
கம்ப்யூட்டர் உடனே ஒப்புக்கொண்டது.

பெயருக்கு அடுத்து, வாலைச் சுருட்டிக்கொண்ட ஓர் எழுத்து.
"இதுக்குப் பேரு அட்" என்றேன்.
"அட!" என்றாள்.
நான் திருத்தவில்லை.

பாஸ்வேர்டு எட்டு எழுத்துக்குக் குறையக் கூடாது.
சாமி பேர் வேண்டாம், பிள்ளை பேரும் வேண்டாம்,
பூந்தொட்டிக்கு அடியில் சாவி வைக்கிற கதைதான் அது,
திருடன் முதலில் அங்கேதான் கை விடுவான்.
"அப்ப நீ அந்தாண்ட திரும்பு."
திரும்பினேன். தெருவில் ஒரு தண்ணீர் லாரி
ஒழுகிக்கொண்டே போயிற்று.
ஒற்றை விரலால்
தக்காளி பொறுக்குவதுபோல் எழுத்துகளைப் பொறுக்குகிறாள்,
சத்தம் கேட்கிறது.
பார்க்கலாம் என்றபோது பதினொரு கறுப்புப் புள்ளிகள்.
என் கடையில், என் கம்ப்யூட்டரில்
எனக்குத் தெரியாத ஒன்று.

ஆறு இலக்கம் மகனுடைய போனுக்குப் போயிற்று.
மகன் கத்திப்பாரா பாலத்தின் மேல்,
முதுகில் யாருடைய பிரியாணியோ.
அவன் ஓரங்கட்டிப் படிப்பதற்குள்
எண் செத்துவிட்டது.
"இன்னொண்ணு வரும்டா, பதறாதே,
ஹெல்மெட்டைக் கழட்டாதே."

பெறுநர்: அடையாறில் ஹோட்டல் விரிப்புகள் துவைக்கும் கம்பெனி.
சம்பளச் சீட்டின் அடியில், மடிப்பில் தேய்ந்த முகவரி.
ஓர் எழுத்து விட்டாலும் போகாது,
பக்கத்து வீட்டில் விசாரித்து வந்து கொடுக்க
இதில் தபால்காரர் கிடையாது.

"அடுத்தது பொருள். என்ன விஷயம்னு
சுருக்கமா ஒரு வரி.
மைக்கை அமுக்கிப் பேசுங்க, அதுவே எழுதிக்கும்."
டீ வாங்கப் போனேன்.
திரும்பி வந்தால்
அந்த ஒற்றை வரிப் பெட்டிக்குள்
புள்ளி இல்லாமல், மூச்சு இல்லாமல்:

ஐயா என் பி எஃப் பணம் ரெண்டு வருஷமா வரல ஸ்டீம் மிஷின்ல கை வெந்து லீவு போட்டேன் நீங்க வேலைய விட்டதா எழுதிட்டீங்க நான் விடல சூப்பர்வைசர் கிட்ட காட்டினேன் அவர் கையப் பாக்கல கம்ப்யூட்டரத்தான் பாத்தாரு ஆமா டீ வாங்கப் போயிருக்கு இப்ப வந்துரும்

எழுதியது நகர்ந்து நகர்ந்து
தொடக்கம் பெட்டிக்கு வெளியே போயிருந்தது.
கீழே கடிதத்துக்கான வெள்ளை மைதானம்
காலி.

"இதெல்லாம் கீழ வரணும்க்கா.
மேல, பி.எஃப் தொடர்பாகன்னு இருந்தா போதும்."
"பி.எஃப் தொடர்பா இல்ல.
இந்தக் கை தொடர்பா."

டீயைப் பற்றிய வரியை மட்டும் அழிக்கச் சம்மதித்தாள்.
அனுப்பு பொத்தானை அவளே அமுக்கினாள்.
அனுப்பியாச்சு என்று மூலையில் ஒரு சின்ன எழுத்து
தலைகாட்டிவிட்டு மறைந்தது.
"ரசீது?"
அதெல்லாம் கிடையாது, உள்ளேயே இருக்கும் என்றேன்.
"உள்ள இருந்தா எனக்கு எப்பிடித் தெரியும்?"

பிரிண்ட் எடுத்தேன்.
காகிதத்தில் பொருள்தான் பெரிதாக,
தடித்த எழுத்தில் ஆறு வரி.
அதற்குக் கீழே ஒன்றும் இல்லை.
பிரிண்டுக்குப் பத்து ரூபாய் என்று போர்டில் இருக்கிறது,
வாங்கிக்கொண்டேன்.

படியிறங்கியவள் திரும்பி வந்தாள்.
"என்னை அதுலேர்ந்து வெளிய எடுத்துட்டியா?"
வெளியேறு என்பதை அவள் எதிரிலேயே அழுத்தினேன்.
பெயர் கேட்டது. அடுத்து, புள்ளிகளுக்கான
காலிக் கட்டம்.
பார்த்துவிட்டுத்தான் போனாள்.