இடம் வலம்

லினோலியம் அவருடையதுதான்.
கோட்டைப் பக்கம் ராவ்பகதூர் தாம்பட்கரின் ஆபீசில்
தரை மாற்றினார்கள்.
கிழித்துப் போட்ட பழைய விரிப்பை
தாஜுதீன் கைவண்டியில் சுருட்டி வந்தான்.
பத்து வருஷம் அவர் பூட்ஸ் தேய்த்த பழுப்பில்
அவர் முகத்தை வெட்ட உட்கார்ந்தேன்.

பைகுல்லா, நாலாம் மாடி,
முப்பத்தொன்றாம் வருஷத்து ஆகஸ்ட் மழை.
உளி, குடைக்கம்பியைத் தீட்டியது.
குளிர்ந்தால் லினோலியம் விண்டுபோகும்.
வயிற்றோடு அணைத்துக் கொஞ்ச நேரம்
சூடேற்ற வேண்டியிருந்தது
சட்டசபை அங்கத்தினரை.

வெட்டியது வெளுக்கும், விட்டது கறுக்கும்.
அவ்வளவுதான் சாஸ்திரம்.
மோவாய்க்கு மூன்று கீறல் போதும்;
நான்காவது லண்டன் போய்வந்தபின் விழுந்தது, அதையும் சேர்த்தேன்.
வலது கண்ணில் ஒற்றைக் கண்ணாடி.
அதற்குள் கண் வைக்கவில்லை,
ஒரு காலணா வைத்தேன்.
ஆலைக்கூலியைக் குறைக்க அவர் தூக்கிய கைக்குத்
தாளில் இடமில்லை.
வகிடு மட்டும் உள்ளது உள்ளபடி,
இடப்பக்கம், நூல் பிடித்தாற்போல்.
கட்டையில் எல்லாவற்றையும்
பக்கம் மாற்றித்தான் வெட்டவேண்டும்.
முதல் நாள் மறந்து ஒரு காது வீணாயிற்று.

கரண்டிமுதுகால் தேய்த்து இருநூறு பிரதி.
விடிவதற்குள் பரேல் ஆலைச் சுவர்களில்
பசை காயாமல் தொங்கினார்.

கோர்ட்டில் மாஜிஸ்திரேட் கேட்டார்:
"இது யார் முகம்?"
இன்ஸ்பெக்டர் பின்டோ காலணாவைப் பார்த்தார்,
ராவ்பகதூரைப் பார்த்தார்,
எச்சில் விழுங்கினார்.
"ஊருக்கே தெரியும், யுவர் ஆனர்."
"பெயரைச் சொல்லும்."
மின்விசிறி சுற்றியது.
கடைசியில் அவரே எழுந்தார்:
"நான் இல்லை."

கேஸ் தள்ளுபடி.
கட்டையைத் திருப்பித் தந்தார்கள்,
சணல் கட்டி, நம்பர் ஒட்டி.
தாஜுதீன் ஜிலேபி வாங்கினான். எனக்கு இறங்கவில்லை.
ஐம்பது ரூபாய் அபராதம் என்றிருந்தால்
கடன்பட்டாவது கட்டியிருப்பேன்.
சாயல் இல்லை என்றல்லவா
சர்க்கார் முத்திரையோடு தீர்ப்பு!

ஒரு மாதம் கழித்து, போரிபந்தர் டிராம் நிறுத்தத்தில்
காரிலிருந்து இறங்கினார்.
வகிடு வலப்பக்கம் போயிருந்தது.
கண்ணாடி இடது கண்ணுக்குத் தாவியிருந்தது,
பழகாமல் வழுக்கி வழுக்கி விழுந்தது.
சுவரில் இருப்பவன் வேறு, நான் வேறு
என்று முகமே சத்தியம் செய்தது.

மாடியேறி வந்து சணலை அவிழ்த்தேன்.
கட்டையில் அவர், அச்சு அசல்,
தெருவில் இப்போது நடக்கிறபடியே.

"அப்படியானால் காலையில்
சவரக் கண்ணாடியில் அவருக்கு என்ன தெரியும்?"
தாஜுதீனைக் கேட்டேன்.
மைக்கையால் காற்றில் திருப்பித் திருப்பிப் பார்த்தான்,
இடம், வலம், மறுபடி இடம்.
பிறகு கரண்டியைக் கீழே வைத்தான்.

"நம்முடையதுதான்" என்றான்.
"தினம் ஒரு பிரதி.
தாள் செலவு இல்லை."