ஏழாம் தூண்

கங்வோன் மலைச்சரிவு. மைனஸ் பதினாறு.
கிண்ணத்தில் மசி உறைந்துவிட்டது.
தாக் ஹே-ரின் பையிலிருந்து சோஜு எடுத்து
இரண்டு மூடி மசிக்கு ஊற்றினாள்,
ஒரு மூடி தனக்கு.
மலை வரத் தொடங்கியது,
சற்றே தள்ளாட்டத்தோடு.

பைன் மரங்களுக்கு உலர்ந்த தூரிகை.
கேபிள் கார் தூண்களையும் அவள் விடவில்லை:
இரும்பும் இந்தப் பனியில்தானே நிற்கிறது.
ஆறு தூண் வரை வந்தாள்.
மூடுபனி இறங்கியது.
இறங்கிய இடத்தில் தாளை
அப்படியே விட்டுவிட்டாள்.
எட்டாவது, மேலே, மறுபடி கறுப்பாய்.

சுஞ்சோன் கண்காட்சியில்
அந்த வெள்ளையைத்தான் எல்லோரும் புகழ்ந்தார்கள்.
சூனியம் என்றார் ஒருவர்.
மௌனம் என்றது கையேடு.

கடைசி நாள், மூடும் நேரம்.
சட்டைப்பையில் 'பியோன்' என்று தைத்திருந்த ஒருவர்
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு எண்ணினார்.
"ஏழைக் காணோம்."

"அன்றைக்கு மூடுபனி."

"தெரியும். பிப்ரவரி ஒன்பது.
உருளைக்கு கிரீஸ் போட
அதன் உச்சியில்தான் இருந்தேன்.
என் கையே எனக்குத் தெரியவில்லை.
பயத்தில் பாடினேன்.
கேட்டதா?"

அவளுக்குக் கேட்டிருக்கவில்லை.

தாளில் படாமல் விரல் நீட்டி
வெறும் வெள்ளையில் ஓரிடம் காட்டினார்:
"இங்கே."
பிறகு,
"இல்லை, இன்னும் கொஞ்சம் இடது."

விளக்கணைக்க வந்த பையன்
சுவிட்சில் கை வைத்தபடி நின்றான்.