இரட்டைக்கிளவி

கசிமீரோ கிஸ்பெர்ட்டின் வேன்
முதலில் ஜப்பானில் ஏதோ பாலர் பள்ளிக்கு ஓடியது.
கப்பலேறி, பாலைவனம் தாண்டி
பொலிவியாவின் எல் ஆல்ட்டோவுக்கு வந்தபோது
வலப்பக்கமிருந்த ஸ்டீயரிங்கைப் பிடுங்கி
இடப்பக்கம் நட்டார்கள்.
கதவும் பக்கம் மாறியது.
பழைய ஓட்டையைத் தகரத்தால் மூடி
மேலே ஒரு மாதா படம்.

ரிவர்ஸ் போட்டால் இன்றைக்கும்
ஒரு ஜப்பானியப் பெண்குரல் எச்சரிக்கும்.
என்ன சொல்கிறாள் என்று யாருக்கும் தெரியாது.
பாலாடைக்கட்டிக் கூடையோடு ஏறும் இலாரியா மட்டும்
அவளுக்குத் தினமும் வணக்கம் சொல்வாள்.

பிப்ரவரியில் கோப்பகபானா கோயில் வாசலில்
வேனுக்கு மாலை போட்டார்கள்.
நாலு டயருக்கும் பீர் தெளித்தார்கள்.
பாதிரியார் பானெட்டின் மேல் தீர்த்தம் விட்டார்.
ஐந்தாம் நாள் வலது முன்சக்கரத்தில்
கொர்கொர்.

இடப்பக்கம் வளைந்தால் மட்டும்,
சாப்பிட்டுத் தூங்கும் பூனை மாதிரி.
"ஒன்றுமில்லை" என்றான் கசிமீரோ.
ரேடியோவில் கும்பியாவை இரண்டு புள்ளி கூட்டினான்.

மார்ச்சில் கரகர.
கதவில் தொற்றிக்கொண்டு ஊர்ப்பேர் கூவும்
கண்டக்டர் பையன் லிம்பெர்ட்டுக்குத்தான்
அது முதலில் கேட்டது; கிட்டத்தில் நின்றவன் அவன்.
இரண்டு ஊர்ப்பேர்களுக்கு நடுவில்
அச்சு அசலாய் அதைத் தொண்டையில் செய்துகாட்டுவான்.
வேனே சிரிக்கும்.
சில நாள் கசிமீரோவும்.

மெக்கானிக் செவெரீனோ சக்கரத்தைப் பிடித்து ஆட்டினான்.
"பேரிங். முந்நூறு. அரை நாள் விட்டுட்டுப் போ."
அரை நாள் என்றால் ஒரு நடை.
மகளின் ஊர்வல உடைக்குக் கடைசித் தவணை
வெள்ளிக்கிழமை.
அடுத்த வாரம் என்றான்.
அடுத்த வாரமும் அதையே சொன்னான்.
ரேடியோவில் திருகக் குமிழ் மிச்சமிருந்தது.

ஏப்ரலில் கடகட.

தமிழில் எழுதுவதால் ஓர் இலக்கணம் சொல்லிவிடுகிறேன்:
இரட்டைக்கிளவியைப் பிரித்தால் பொருள் போய்விடும்.
தேர்வுத்தாளில் இரண்டு மதிப்பெண்.

லா கும்ப்ரே இறக்கம், மூடுபனி,
விளக்கெரிந்தும் பத்தடிக்கு அப்பால் பால்வெளுப்பு.
பதினொரு பேர், ஒரு கோழி.
கும்பியா உச்சத்தில்.
அதற்கும் மேலே
ஒரே ஒரு

கட.

வலது முன்சக்கரம் வேனைக் கடந்து போயிற்று.
அவசரமில்லாமல், நேராய்,
வழி தெரிந்தவர் போல.
"அம்மா, நம்ம சக்கரம் மாதிரியே ஒண்ணு போகுது"
என்றது பின்சீட்டுக் குழந்தை.

பிறகுதான் வேனுக்கு விஷயம் தெரிந்தது.
அச்சு தார்ச்சாலையை உழுதது.
பொறி.
கூடை உருண்டு, எங்கும் வெள்ளைக்கட்டிகள்.
விளிம்புக்குப் போகாமல் பாறைக்குப் போனதை
அதிர்ஷ்டம் என்று போலீஸ்காரர் எழுதிக்கொண்டார்.

பாறைக்கும் கதவுக்கும் நடுவில்
லிம்பெர்ட்டின் வலது முழங்கால்.

எல்லோரும் இறங்கி நின்றபோது
கீழே பனிக்குள் சக்கரம் இன்னும் இறங்கிக்கொண்டிருந்தது.
ஒவ்வொரு வீட்டுக் கதவாய்த் தட்டிப் பார்ப்பதைப் போல்
அவ்வளவு நேரம்.
வேனுக்குள் கும்பியா நிற்கவில்லை.
யாருக்கும் உள்ளே கைநீட்டத் துணிவில்லை.

லிம்பெர்ட் இப்போது பஸ் நிலையத்தில் உட்கார்ந்து
டிக்கெட் கிழிக்கிறான்.
ஊர்ப்பேர் கூவுவதில்லை.
அந்த ஒலியைச் செய்துகாட்டு என்று
இளசுகள் யாராவது கேட்டால்
சில்லறையை எண்ணத் தொடங்கிவிடுவான்.

கசிமீரோ வேறொருவன் வண்டியை ஓட்டுகிறான்.
ரேடியோ இருந்த இடத்தில் கையுறை வைத்திருக்கிறான்.
வைப்பரின் முனகல், சீட்டின் ஸ்பிரிங்,
பயணியின் பையில் உரசும் இரண்டு பாட்டில்,
எல்லாம் கேட்கிறது.
தாங்க முடியவில்லை என்று
ஒருமுறை செவெரீனோவிடம் சொன்னான்.
செவெரீனோ பதில் சொல்லாமல்
டயரைத் தட்டிப் பார்த்தான்.

நேற்றிரவு பக்கத்தில் நியேவெஸ்
லொக்லொக்.
மூன்று வாரமாய் உண்டு.
"ஒன்றுமில்லை, தூங்கு" என்றாள்.
அவன் சொல். அவன் தொனிகூட.

எழுந்து விளக்கைப் போட்டான்.
மணி மூன்று.
அவள் சால்வையை எடுத்து நாற்காலியில் வைத்துவிட்டு
கட்டிலுக்கடியில் குனிந்து
அவள் செருப்பின் இன்னொன்றைத் தேடுகிறான்.

இருமல் இன்னும்
இரட்டையாய்த்தான் வருகிறது.