கீலில் ஒரு கீறல்

கான்ஸ்டன்சா துறைமுகம், ஏழாம் வாயில்.
கருங்கடல் கருப்பாய் இருப்பதில்லை;
ஜனவரியில் அது
கழுவாமல் போட்ட ஈயப் பாத்திரம்.
காற்று முதலில் காகிதங்களைத்தான் தேடி வரும்.
அட்டையில் இரண்டு கிளிப் மாட்டி
மார்போடு பிடித்துக்கொள்கிறேன்.

காகிதம் சொல்கிறது:
தரம் பிரித்த பிளாஸ்டிக்,
இருபத்திரண்டு டன், மறுசுழற்சிக்கு.
முத்திரை சரி. கையெழுத்து சரி.
எழுத்துப்பிழைகூட இல்லை.
பிழையே இல்லாத காகிதம் என்றால்
எனக்கு வயிற்றைக் கலக்கும்.

நெல்கு கடப்பாரையைப் போட்டான்.
கதவு திறந்ததும் ஒன்றும் பேசாமல்
மஃப்ளரை மூக்குக்கு ஏற்றினான்.
அழுத்திக் கட்டிய மூட்டைகள்,
இடுக்கில் கசிந்து உறைந்த பழுப்பு நீர்,
குழந்தைகளின் நாப்கின்கள்,
பாதி எரிந்த ஒயர்ச் சுருள்,
எனக்குப் படிக்க வராத மொழியில்
யாரோ ஒருவரின் மின்கட்டண ரசீது.

அவர் ஒழுங்காய்த்தான்
சரியான நிறத் தொட்டியில் போட்டிருப்பார்.
போட்டுவிட்டுக் கை கழுவியிருப்பார்,
இரண்டு அர்த்தத்திலும்.

சட்டம் இல்லாமல் இல்லை.
என் மேசையில் நானூறு பக்கம்.
ஏட்டுச் சுரைக்காய்தான், ஆனால் என்ன செழிப்பு!
கொடி உண்டு, இலை உண்டு,
பூவுக்குத் தனி அத்தியாயமே உண்டு.
கறி சமைக்கத்தான் ஆளில்லை:
மாவட்டம் முழுவதற்கும் ஆறு பேர்,
அதில் ஒருத்தி பேறுகால விடுப்பில்.
ஒரு கார்.
இருபதாம் தேதியோடு தீர்ந்துபோகும் பெட்ரோல்.

அபராதச் சீட்டைக் கிழித்து நீட்டினேன்.
ஏஜென்ட் ஓப்ரியா சிரித்துக்கொண்டே வாங்கினார்.
அவருடைய செலவுக் கணக்கில்
டீசல், சுங்கம்,
மூன்றாவது வரியில் நான்.
முன்பே எழுதி வைத்திருந்தார்.
தொகையும் ஏறக்குறைய சரிதான்.

அன்று விடிவதற்குள் எழுந்தேன்.
எங்கள் குடியிருப்பின் வாசலில்
நான்கு நிறத் தொட்டிகளையும்
ஒரே லாரி, ஒரே வாயால் விழுங்கியது.
மூன்றாம் மாடியில், வெறுங்காலோடு,
அதன் எண்ணை ஜன்னல் ஆவியில் விரலால் எழுதினேன்.
பேனா தேடிக்கொண்டு வருவதற்குள்
கண்ணாடி காய்ந்திருந்தது.

அதனால்தானோ என்னவோ,
பெட்டியைத் திருப்பி அனுப்பும் நாளில்
யாரும் பார்க்காதபோது குத்துக்காலிட்டு
வீட்டுச் சாவியால் கீழ்க் கீலில் கீறினேன்:
சான்சியானாவின் முதலெழுத்து,
அதுவும் பாதிதான்.
சாவி மழுங்கிவிட்டது.
இன்றைக்கும் என் வீட்டுக் கதவு
இரண்டாம் முறைதான் திறக்கிறது.

ஐந்து வாரம் கழித்து ஒரு நீலப் பெட்டி.
புது எண், புது நிறுவனம், வேறொரு நாட்டுச் சீல்.
"பழைய துணிகள்" என்றது காகிதம்.
பிழையே இல்லை.
பெயின்ட் இன்னும் கையில் ஒட்டியது.

குனிந்து பார்த்தேன்.
வண்ணம் அடிப்பவர்கள் குனிவதில்லை.

நெல்குவைக் கூப்பிட்டேன்.
அவன் கீலைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்,
சொல்லாமலே கடப்பாரை எடுக்கப் போனான்.

மேலிடத்திலிருந்து போன் வந்தது:
எப்போதும்போல் சீட்டைக் கொடுத்து முடி,
கப்பல் காத்திருக்கிறது, வாடகை ஏறுகிறது.
சரி என்றேன்.
சரி என்பது
கேட்டுவிட்டேன் என்று மட்டும்தான்.

நானூறு பக்கத்தில்
முந்நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தை
எங்கள் அலுவலகத்தில் யாரும் புரட்டியதில்லை;
இரண்டு தாள் ஒட்டியே கிடந்தது.
அபராதமல்ல: பறிமுதல்.
சீட்டல்ல: வழக்கு.
அனுப்பியவர் பெயர், வாங்கியவர் பெயர்,
நடுவில் நின்று சிரித்தவர் பெயர்.

பேனாவில் மை உறைந்திருந்தது.
அக்குளில் செருகிக்கொண்டு நின்றேன்.
ஓப்ரியா கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார்.
அபராதப் புத்தகம் பையிலேயே இருந்தது.
அவர் பர்ஸைக்கூடத் திறந்துவிட்டார், பாவம்.

மை இளகட்டும்.
பெயரைப் பிழையில்லாமல் எழுத வேண்டும்.