பதினெட்டு டிகிரி

லிஃப்ட் கதவில் ஒட்டியிருந்தார்கள்:
பிரதான குழாய் உடைந்தது, வெந்நீர் நாளை மாலைவரை வராது.
ஒஸ்த்ராவாவில் ஜனவரி. ஏழாம் மாடி.
பக்கத்து வீட்டுச் சாவி என் கோட்டுப் பையில்.

ஒதகார் விர்பா இடுப்பெலும்பு மாற்றிக்கொள்ளப் போயிருக்கிறார்.
குளிர்பெட்டிமேல், காந்தத்தின் கீழே, அவர் கையெழுத்து:
ஞாயிறு, மூன்றில் ஒரு பங்கு தண்ணீர்.
குளோரின் மருந்து பன்னிரண்டு சொட்டு.
வெப்பம் மாறக்கூடாது.
கூடாது என்பதன் அடியில் இரண்டு கோடு,
இரண்டாவது கோட்டில் தாள் கிழிந்திருந்தது.

நான் டிராம் ஓட்டுகிறவள்.
முப்பது டன் இரும்பை
மடியிலிருக்கும் முட்டை உடையாமல் நிறுத்துவேன்.
மீன் எனக்குத் தெரியாது.
கெட்டிலில் ஒரு லிட்டர் கொதிக்கவைத்து
நாற்பது லிட்டரில் கலந்து, விரல் விட்டுப் பார்த்து,
இரண்டாம் கெட்டிலோடு அலுத்துப்போய்
குழாயில் வந்ததை வந்தபடி ஊற்றினேன்.
கண்ணாடியில் ஒட்டிய வெப்பமானிப் பட்டையில்
நிறம் கட்டம் கட்டமாக இறங்கி
பதினெட்டில் நின்றது.

ஒன்பது வெண்கலக் கெளுத்திகள்.
நாள் முழுக்க மணலில் மீசையை இழுத்துக்கொண்டு
தொலைந்த நாலணாவைத் தேடும் கணக்குப்பிள்ளைபோல் அலைகிறவை.
முதலில் எல்லாம் நின்றன.
செவுள் மட்டும்.
பிறகு ஒன்று கண்ணாடியில் மூக்கை வைத்து மேலே ஏறியது,
விழுந்தது, ஏறியது.
அதன் பின்னால் மூன்று. அவற்றின் பின்னால் எல்லாம்.
நீர்மட்டத்தைக் கிழித்து ஒரு வாய் காற்று,
திரும்பத் தரை.
வாலடியில் மூடி நனைந்து சொட்டியது.

கொன்றுவிட்டேன் என்று நினைத்தேன்.

எட்டு மணிக்கு மருத்துவமனையிலிருந்து கூப்பிட்டார்.
சாப்பிட்டுதுகளா?
ம்.
அமைதியா இருக்கா?
என் முதுகுக்குப் பின்னால் கண்ணாடியில் டொக், டொக்.
இருக்கு என்றேன்.

கோட்டைக் கழற்றாமல் அவர் நாற்காலியில் உட்கார்ந்தேன்.
விளக்கை அணைத்தால் சாவது தெரியாது. அணைக்கவில்லை.
நள்ளிரவில் ஒன்று இன்னொன்றின் விலாவில் முகம் புதைத்து
அசையாமல், நடுங்கியபடி நின்றது.
தின்கிறது என்று எண்ணிக் கண்ணை மூடிக்கொண்டேன்.
நாலேகாலுக்கு வண்டி எடுக்கவேண்டும்.

மதியம் திரும்பியபோது ஒன்பதும் உயிரோடு.
கண்ணாடியெங்கும் ஊறிய ஜவ்வரிசிபோல் ஏதோ புள்ளிகள்.
நோய். பூஞ்சை. என் தண்ணீர் கொண்டுவந்தது.
சுரண்டியைத் தேடியெடுத்து முழங்கைவரை கையை விட்டேன்.

அப்போது பெரியவள் வந்தாள்,
வயிற்றடித் துடுப்பு இரண்டையும் குவித்து,
காற்றில் தீக்குச்சியைப் பொத்திக்கொண்டு போகிறவள்போல.
என் மணிக்கட்டுக்கு ஒரு விரல் தள்ளி
வாயால் கண்ணாடியைத் துடைத்தாள், இடம் பார்த்தாள்,
வயிற்றை அழுத்தி ஒட்டினாள்.
நான்கு.

கையை எப்படி வெளியே எடுப்பதென்று தெரியவில்லை.

இவை நதி பார்த்ததில்லை.
இவற்றின் அம்மாக்களும் அவற்றின் அம்மாக்களும்
சந்தைக்குப் பின்னால் ஒரு நிலவறையில்
பிளாஸ்டிக் தொட்டியில் பிறந்தவை.
எந்தக் காலத்திலோ, எந்த மலையிலிருந்தோ
குளிர்ந்த வெள்ளம் இறங்கிய ஒரு நாள்
இந்த விரற்கடை உடம்புக்குள் மடிந்து கிடந்திருக்கிறது.
நான் சோம்பலில் ஊற்றிய வாளி
அங்கே மழைக்காலமாகப் போய்ச் சேர்ந்தது.

நானே கூப்பிட்டேன்.
வெப்பம் மாறிவிட்டது என்றேன். பதினெட்டு என்றேன்.
மறுமுனையில் யாரோ நெடுநேரம் தள்ளுவண்டி உருட்டினார்கள்.
எந்தப் பக்கக் கண்ணாடி?
சமையலறைப் பக்கம்.
சீக்கிரம் எடு. தின்னுடும். அதுகளே தின்னுடும்.

ஊழியர் அட்டையின் விளிம்பால் வழித்தெடுத்தேன்.
ஊறுகாய்ச் சீசாவைக் கழுவி, முகர்ந்து, மறுபடி கழுவி,
அதில் போட்டு எண்ணினேன். முப்பத்தொன்று.
நிமிர்ந்தபோது கண்ணாடியில் மிச்சமிருந்ததில் பாதியைக் காணோம்.
பெரியவள் மணலில் மீசையை இழுத்துக்கொண்டிருந்தாள்.

நாலு மணிக்குக் குழாய் இருமியது.
துருநிறத்தில் கொஞ்சம், பிறகு ஆவி.
விறைத்த கையை அதன் கீழே தேவைக்கு மேல் வைத்திருந்தேன்.
சீசாவை ஹீட்டர் பக்கம் வைப்பதா ஜன்னல் பக்கமா என்று
அவர் தாளில் எதுவும் எழுதியிருக்கவில்லை.